மருமகன் பூட்டிவிட்டுப் போன ரவுட்டர்

போன மாதம் எங்கள் ரெலிபோன் கந்தோரின் இளம் ஆட்கள் என்னை ஒரு கூட்டத்துக்கு அழைத்தார்கள். ஓய்வு பெற்று வீட்டில் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருக்கிறவன் நான். அழைத்தால் போகாமல் விடுவேனா? மடிப்புக் கலையாத சேட்டைப் போட்டுக்கொண்டு போனேன். வடை தந்தார்கள், தேநீர் தந்தார்கள். பிறகு திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். இனிமேல் வீடுகளில் இருக்கும் ரவுட்டர்களைக் கொழும்பிலிருந்தே திறந்து பார்க்கலாமாம். பிழை இருந்தால் அங்கிருந்தே திருத்தலாமாம். ஒருவரும் வெயிலில் காய்ந்துகொண்டு வீடு வீடாக அலையத் தேவையில்லையாம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கூட்டம் முடியும்போது ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள். "சேர், உங்கடை சேவிசிலை ஆகக் கஷ்டமான ஃபோல்ட் எது?"

ஃபோல்ட் என்றால் பழுது. எங்கள் வாயில் அப்படித்தான் வரும். புயலில் கம்பங்கள் சரிந்த கதையைச் சொல்லிச் சமாளித்தேன். எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் அது மறுமொழி இல்லை. புயல் என்ன புயல்! விழுந்த கம்பத்தை நிமிர்த்தினால் முடிந்தது. நான் பயந்த சுபாவக்காரன் அல்ல. சண்டைக் காலத்தைப் பார்த்தவன், கம்பத்தின் உச்சியில் குளவிக் கூட்டுக்குள் கை வைத்தவன். என்னை விறைக்க வைத்தது உடுப்பிட்டியில் ஒரு வீட்டு முன்னறையில், பின்னல் துணியால் மூடியிருந்த ஒரு சின்னப் பெட்டிதான். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குச் சொல்லாத மறுமொழியை இங்கே எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் தொழில் பழகிய கதை நீளமானதல்ல. கம்பத்தில் ஏறினேன், விழுந்தேன், திரும்ப ஏறினேன். மழைக்குள் கம்பி பொருத்தப் பழகினேன். மிச்சத்தை எல்லாம் பழக்கியவர் குலம் சேர்.

குலம் சேர் எங்கள் பகுதிக்குப் பொறுப்பான அதிகாரி. மெலிந்த மனிதர். சேட்டுப் பையில் நாலாக மடித்த வெள்ளைக் கைலேஞ்சி எப்போதும் இருக்கும். குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் பயம். தேநீர் காவுகிறவரிலிருந்து பொறியியலாளர் வரை எல்லோரையும் "நீர்" என்றுதான் கதைப்பார். நாங்கள் ஒரு வீட்டுக்குப் போய்ப் பழுது பார்த்துவிட்டு வந்து, "லைன் சரி சேர்" என்று சொன்னால், பேனையைக் கீழே வைப்பார். கண்ணாடியைக் கழற்றுவார். பிறகு ஆறுதலாகக் கேட்பார்.

"ஆற்றை போனிலை சரி? எந்த அறையிலை சரி? எத்தினை மணிக்குச் சரி?"

யாருடைய போனில், எந்த அறையில், எத்தனை மணிக்கு: மூன்றில் ஒன்றுக்கு மறுமொழி இல்லாவிட்டாலும் ஹெல்மெற்றை எடுத்துக்கொண்டு திரும்பப் போகவேண்டியதுதான். பின்னால் அவரை "மூண்டு கேள்வி" என்று பட்டம் தெளித்துச் சிரிப்போம். அவருக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொரு கண்டிப்பும் அவரிடம் இருந்தது. ரெலிபோன் கம்பிக் காலத்தில் நாங்கள் கம்பத்தில் ஏறிச் சோதனைப் போனைக் கொளுவினால் ஊரார் கதைப்பது காதில் விழும். ஒரு நாள் எங்களோடு வேலை செய்த ஒருவன் தேநீர் வேளையில், யாரோ ஒரு பெட்டையும் பெடியனும் கொஞ்சிக் கதைத்ததை நடித்துக் காட்டினான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். குலம் சேர் வாசலில் நின்றதை ஒருவரும் காணவில்லை. அவர் ஏசவில்லை. அடுத்த நாள் காலை அவன் களஞ்சிய அறையில் ஆணி எண்ணிக்கொண்டிருந்தான்.

"லைனைப் பாரும். லைனுக்குள்ளை ஆர் ஆரோடை கதைக்கினம் எண்டு பாராதையும். அது எங்கடை வேலையில்லை" என்று எங்களுக்குச் சொன்னார். அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும் செவிடர்கள்.

பிறகு இணையம் வந்தது. வீட்டுக்கு வீடு ரவுட்டர் வந்தது. ரவுட்டர் என்பது பார்வைக்குத்தான் பெட்டி. உண்மையில் அது ஒரு சின்னக் கம்பியூட்டர். செய்த கொம்பனி அதற்குள் ஒரு மென்பொருளை வைத்து அனுப்பியிருக்கும். அதை அழித்துவிட்டு, ஆர்வக்காரர்கள் எழுதி இலவசமாக விட்டிருக்கும் வேறு மென்பொருளை ஏற்றலாம். ஏற்றினால் அதுவரை சாதுவாக இருந்த பெட்டி நாம் சொல்லும் வேலை எல்லாம் செய்யும். முக்கியமாக, வீட்டில் யாருடைய போனுக்கு இணையம் முதலில் போக வேண்டும், யாருக்குப் பிறகு போக வேண்டும் என்று ஒழுங்கு போடலாம். ஒரு தண்ணீர்த் தாங்கியில் இருந்து வருகிற பைப்புகளை எல்லாம் ஒன்றாகத் திறந்தால் எல்லாவற்றிலும் நூலாகத்தான் வடியும் அல்லவா? குசினிப் பைப்புக்கு முதலில் விடு, பூங்கன்றுக்குப் பிறகு விடு என்று சொல்வது மாதிரித்தான் இதுவும்.

பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த காலத்தில் நல்லூரில் ஒரு ரியூசன் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். மனிதர் வீட்டில் இருந்தபடி கணிதம் படிப்பிக்கிறார். பிள்ளைகளுக்குப் பாதிச் சமன்பாடுதான் போய்ச் சேருகிறது. மேல்மாடியில் மகன் கேம் விளையாடுகிறான். மகள் நாடகம் பார்க்கிறாள். மாமியார் கனடாவில் இருக்கும் தங்கையோடு வீடியோ கோலில் கறி சமைக்கிறா, அவ அங்கே கிளற இவ இங்கே கிளற. மாஸ்டர் என்னைக் கேற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காதுக்குள் ஒரு ஒழுங்கு சொன்னார். நான் அவருடைய ரவுட்டரில் வேறு மென்பொருளை ஏற்றி அந்த ஒழுங்கைப் போட்டுவிட்டு வந்தேன். மாஸ்டர் முதல், மாமியார் கடைசி.

அடுத்த நாள் கந்தோர்ப் போன் அலறியது. "ஆரடா என்னைக் கடைசியிலை போட்டவன்? இது என்ரை மோளுக்கு நான் குடுத்த வீடு!"

குலம் சேர் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். "மாஸ்டர் ஒளிச்சுச் சொன்னால் நீர் ஒளிச்சுப் போடுறதோ? வீட்டிலை எல்லாரும் இருக்கேக்கை, எல்லாருக்கும் கேக்கச் சொல்லிப்போட்டுப் போடும். ஒளிச்சுப் போடுறதுக்குப் பேர் ஒழுங்கில்லை."

என்னையும் ஏற்றிக்கொண்டு தானே நல்லூருக்கு வந்தார். மாமியாருக்கு முன்னால் இருந்து, அவ தந்த பயித்தம் பணியாரத்தைச் சாப்பிட்டு, கறி சமைக்கும் நேரத்தை வகுப்பு முடிந்த பிறகுக்கு மாற்றச் சம்மதம் வாங்கினார். அதன் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் நான் சத்தமாகக் கேட்டுத்தான் ஒழுங்கு போடுவேன். அநேகமான வீடுகளில் அது ஒரு சின்னப் பகிடியோடு முடியும்.

இனி உடுப்பிட்டிக்கு வருகிறேன்.

நடராசா அண்ணை வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்கிற மனிதர். திங்கட்கிழமை வந்தால் கறுப்புக் குடையோடு எங்கள் கந்தோர் வாசலில் நிற்பார். அவரைக் கண்டதும் எங்கள் ஆட்கள் பின்கதவால் நழுவுவார்கள். அவருடைய முறைப்பாடு ஒன்றுதான்.

"என்ரை பிள்ளை புருசனோடை ஒரு சொல் வடிவாக் கதைக்க ஏலாமல் கிடக்குது. உங்களுக்கெல்லாம் நெஞ்சிலை ஈரமில்லையே?"

ஒரே மகள் வதனி. அவளைச் சுவிசில் இருக்கிற ஒரு பெடியனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். அவன் அங்கே கம்பியூட்டர் வேலை. வந்தான், கலியாணம் நடந்தது, ஒரு மாதம் நின்றான், அவளை அங்கே கூப்பிட ஸ்பொன்சர் அலுவல் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். போவதற்கு முதல், தான் கொண்டுவந்த ஒரு ரவுட்டரைத் தன் கையாலேயே எங்கள் பெட்டிக்கு அடுத்ததாகக் கொளுவி, அந்த வீட்டில் பூட்டிவிட்டுப் போனான். எங்கள் கொம்பனிப் பெட்டி குப்பை என்றானாம். நடராசா அண்ணைக்கு அந்த ரவுட்டர் ஒரு சாமிப் படம் மாதிரி. தூசி படாமல் பின்னல் துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

அவன் ஒவ்வொரு நாளும் பொழுதுபட வீடியோ கோல் எடுப்பான். படம் உறையும், குரல் துண்டு துண்டாகும், "லைன் சரியில்லை, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவான். எங்கள் ஆட்கள் மாறி மாறிப் போனார்கள். கம்பியை மாற்றினார்கள், இணைப்பை மாற்றினார்கள். ஒருவன் மாமரக் கொப்பு கம்பியில் உரசுகிறது என்று சொல்லிவிட்டு வந்தான். அடுத்த திங்கள் நடராசா அண்ணை வந்து சொன்னார், "கொப்பென்ன, மரத்தையே தறிச்சுப்போட்டன். நல்ல சாதி மாமரம், கறுத்தக்கொழும்பான். இன்னும் லைன் சரிவரேல்லை." காய்க்கிற மரத்தை யாராவது தறிப்பார்களா?

கடைசியாக அவர் வந்த திங்கள் அன்று சத்தம் போடவில்லை. குடையை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்துவிட்டார். குலம் சேர் தானே எழும்பிப் போய்ப் பக்கத்தில் இருந்தார்.

வதனிக்குத் தாதியர் பயிற்சிக் கொலிஜ்ஜில் இடம் கிடைத்திருந்தது. அடுத்த நாள் காலை போய்ப் பதிய வேண்டும். போகாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். பயிற்சியில் சேர்ந்தால் நடுவில் விட்டுவிட்டுச் சுவிசுக்குப் போக முடியாது. அதனால் அவளுக்குப் புருசனிடம் ஒரே ஒரு மறுமொழி வேண்டும்: என்னைக் கெதியாகக் கூப்பிடப் போகிறீர்களா, அல்லது நான் படிக்கட்டா? எழுதிக் கேட்டால், "உதெல்லாம் எழுதிப் பேசுற விசயமே, கோலிலை ஆறுதலாக் கதைப்பம்" என்கிறான். கோலில் கேட்டால் அந்த இடத்தில் லைன் அறுகிறது.

"றோட்டிலை நிண்டு கதைச்சால் மொபைல் சிக்னல் இருக்கும். ஆனால் பொழுதுபட்ட நேரம் புதுப்பொம்பிளையை றோட்டிலை விடுறதே?" என்றார் நடராசா அண்ணை. "இண்டைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், லைனைச் சரியாக்கித் தாங்கோ."

குலம் சேர் என்னைப் பார்த்தார். "நீர் போம். சரியாகும் மட்டும் அங்கையே இரும்."

பின்னேரம் போனேன். வாசலில் மாமரத்தின் அடிக்கட்டை மட்டும் நின்றது. வதனி மெல்லிய குரல்காரி. கதிரை இழுத்துப் போட்டாள், தாயார் தேத்தண்ணியும் தட்டை வடையும் கொண்டுவந்து வைத்தா. வேலையைத் தொடங்கினேன். லைன் சரி. என் போனில் சரி. வதனியின் போனிலும் சரி. எல்லாமே சரி! வந்த ஆட்கள் எல்லோரும் இதைத்தான் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு மூன்றாவது கேள்வி ஞாபகம் வந்தது. எத்தனை மணிக்குச் சரி?

"அவர் எடுக்கிறதுக்கு எவ்வளவு முன்னம் இது பழுதாகுது, பிள்ளை?"

"விளக்கு வைச்ச கையோடை, அங்கிள். அப்பாவின்ரை போனிலை பாட்டெல்லாம் போகும். என்ரை போன்தான் இழுக்கும். அப்பாவின்ரை போனுக்கு எடுங்கோ எண்டால் அவருக்குக் கூச்சமாம். போன் பழசாக்கும் எண்டு அவர் சொன்னவர்."

காத்திருந்தேன். தாயார் சாமி அறையில் விளக்கு வைத்தா. என் போனையும் வதனியின் போனையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மருமகனின் ரவுட்டர் வழியாக இரண்டிலிருந்தும் ஒரே இடத்துக்குச் சோதனைச் செய்தி விட்டுவிட்டுப் பார்த்தேன். என்னுடையது மணிக்கூடு மாதிரி ஓடுகிறது. அவளுடையது நிற்கிறது, போகிறது, தொலைகிறது, திரும்ப வருகிறது. இடத்தை மாற்றி வைத்தேன். அதே கதை. பிறகு அவளுடைய போனை எங்கள் கொம்பனிப் பெட்டியோடு நேராக இணைத்தேன். தண்ணீர் மாதிரி ஓடியது.

அப்படியென்றால் லைனில் பிழை இல்லை. போனில் பிழை இல்லை. நான் பின்னல் துணியைத் தூக்கினேன்.

"தம்பி, தம்பி, அதைத் தொடாதேங்கோ" என்று நடராசா அண்ணை ஓடி வந்தார். "அது வெளிநாட்டுச் சாமான், பிழைக்காது. நீங்கள் உங்கடை கம்பியை வடிவாப் பாருங்கோ."

இது அவருடைய வியாதி மட்டுமல்ல, எங்கள் குடாநாட்டுக்கே உள்ள வியாதி. வெளிநாட்டிலிருந்து வந்தது சவர்க்காரமாக இருந்தால் என்ன, மாப்பிள்ளையாக இருந்தால் என்ன, பிழை பார்க்க மாட்டோம். எங்கள் ஆட்களும் இந்த ஊர்ப் பிள்ளைகள்தானே. அவர்களும் தொடாமல் போயிருக்கிறார்கள்.

"அண்ணை, இதைத் திறந்து பாக்காமல் ஒண்டும் சொல்லேலாது" என்றேன்.

"அப்பிடியெண்டால் மருமோனிட்டை ஒரு சொல் கேட்டிட்டு..."

"கேக்கத்தானே அப்பா லைன் இல்லை" என்றாள் வதனி. பிறகு என்னைப் பார்த்து, "இது என்ரை வீடு, அங்கிள். திறவுங்கோ" என்றாள்.

உள்ளே போகக் கடவுச்சொல் மருமகனிடம்தான் இருக்கிறது. ஆனால் அந்த வகை மென்பொருளுக்கு ஒரு பின்கதவு உண்டு. கடவுச்சொல்லை மறந்தவர்களுக்காக வைத்திருப்பது. மின்சாரத்தை நிற்பாட்டிவிட்டுத் திரும்பப் போட்டு, பெட்டி எழும்பும்போது பின்னால் இருக்கும் சின்னப் பொத்தானை அமத்தினால், கம்பி மூலம் கடவுச்சொல் இல்லாமல் உள்ளே போகலாம். என் மடிக்கணினியைக் கொளுவினேன். உள்ளே போனேன்.

முதலில் ஒழுங்கு தெரிந்தது. ரிவி முதலாவது. 'மாமா' என்று பெயரிட்ட நடராசா அண்ணையின் போன் இரண்டாவது. வதனியின் போன் கடைசி. சரி, இதில் ஒன்றும் இல்லை, எண்களைத் தலைகீழாக விளங்கியிருப்பான், கன பேர் விடுகிற பிழை என்று நினைத்தேன். மனதுக்குள் அந்தப் பெடியனுக்காக வாதாடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த வரியைப் பார்த்தேன். அது வெறும் ஒழுங்கு அல்ல. வதனியின் போனுக்குப் போகிறதையும் வருகிறதையும் இடைக்கிடை தொலைத்துவிடு, மிச்சத்தைத் தாமதமாக்கி விடு என்று எழுதியிருந்தது. அந்தப் போனுக்கு மட்டும். அதுவும் பொழுதுபடத் தொடங்கி, அவன் கோல் எடுக்கும் நேரம் முடியும் வரைக்கும் மட்டும்.

திரும்ப வாசித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் வாசித்தேன். வெளியிலிருந்து, சுவிசில் இருந்தபடியே, உள்ளே வர ஒரு வழியும் திறந்து விட்டிருந்தான். அந்த வழியால் வந்து கடைசியாக இதைத் திருத்திய நாள் போன சனிக்கிழமை என்று இருந்தது. முந்தி இருந்ததை இன்னும் இறுக்கியிருந்தான்.

"பிள்ளை, கொலிஜ்ஜுக்கு இடம் கிடைச்சதை எப்ப அவருக்கு எழுதினனீர்?" என்று, ஏதோ சும்மா கேட்பது மாதிரிக் கேட்டேன்.

"சனிக்கிழமை, அங்கிள்."

கடவுளே, இப்படியும் ஒரு மனிதன் செய்வானா? விருப்பமில்லை என்றால் விருப்பமில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஒவ்வொரு நாளும் தவறாமல் கோல் எடுத்து, சிரித்துக் கதைத்து, அந்தக் கோல் உடைவதற்கும் தானே ஏற்பாடு செய்து... ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அங்கே யாராவது ஒருத்தி இருந்தாளோ, வீட்டாரின் நெருக்குதலுக்குக் கட்டினானோ, எதுவோ. நல்லூரில் நான் பிள்ளைகளின் படிப்புக்காகச் செய்த அதே வித்தை இது. அதை ஒருவன் கட்டிய மனைவியின் வாயைப் பொத்தப் பாவிக்கலாம் என்று என் புத்திக்கு ஒரு நாளும் பட்டதில்லை.

வதனி பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ரை போனின்ரை பேர் கிடக்குது" என்றாள்.

"அது... ஒழுங்கு, பிள்ளை. திருத்திறன்" என்று சொல்லிவிட்டு எழும்பி முற்றத்துக்குப் போனேன். மாமரக் கட்டைக்குப் பக்கத்தில் நின்று குலம் சேருக்குக் கோல் எடுத்தேன்.

"சேர், லைன் சரி. பெட்டியும் சரி. ஒராள் வேணுமெண்டு செய்திருக்கிறார்."

"ஆர்?"

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றியிருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு, நான் ஒரு நாளும் கேட்காத ஒரு குரலில், "சீ" என்றார். அவ்வளவுதான். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை.

"சேர், அந்தப் பிள்ளைக்கு நான் என்னெண்டு சொல்லுறது? லைனுக்குள்ளை பாராதையும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"நீர் லைனுக்குள்ளை பாக்கேல்லை. லைனை மறிச்சுக் கிடந்ததைப் பாத்திருக்கிறீர்" என்றார். "அதை எடும். அவன் என்னத்துக்குச் செய்தவன் எண்டது உமக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அதைக் கதையாதையும். ஆனால் அந்தப் பிள்ளை உம்மட்டை லைனைப் பற்றி என்ன கேட்டாலும், பொய் மட்டும் சொல்லாதையும்."

உள்ளே வந்தேன். அந்த வரிகளை அழித்தேன். வெளியிலிருந்து வரும் வழியை அடைத்தேன். புதுக் கடவுச்சொல் போட்டு வதனியிடம் கொடுத்தேன். பிறகு வழக்கம் போலச் சத்தமாகக் கேட்டேன். "அண்ணை, இந்த வீட்டிலை ஆற்றை போனுக்கு முதலிடம்?"

"இதென்ன கேள்வி, தம்பி. என்ரை பிள்ளையின்ரைக்கு."

போட்டேன். பெட்டி அணைந்து திரும்ப எழும்பியது. பச்சை விளக்கு எரிந்து சரியாக நான் வயரைச் சுற்றத் தொடங்க, வதனியின் போன் அடித்தது.

போய்விடத்தான் நினைத்தேன். நடராசா அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டார். "நில்லுங்கோ தம்பி, நீங்களும் பாருங்கோ."

வதனி போனை மேசையில் நிமிர்த்தி வைத்தாள். படம் வந்தது. அப்படி ஒரு தெளிவு! அவன் கையில் இருந்த கோப்பையிலிருந்து ஆவி எழும்புவது தெரிந்தது. பின்னால் யன்னலில் இலைகள் ஆடுவது தெரிந்தது. நடராசா அண்ணை குழந்தைப் பிள்ளை மாதிரித் துள்ளினார்.

"மருமோன்! வடிவாத் தெரியுதப்பா! என்ன, தேத்தண்ணியே குடிக்கிறியள்?"

"ஓம் மாமா" என்று அவன் சிரித்தான். "இப்பதான் போட்டனான்."

கணீரென்று கேட்டது. தாயார் சாமி அறைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டா. வதனி கதிரையின் நுனியில் இருந்து, இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"நாளைக்குக் காலமை நான் கொலிஜ்ஜிலை பதியோணும். நீங்கள் என்னைக் கெதியாக் கூப்பிடுவீங்களோ, இல்லாட்டி நான் படிக்கட்டோ? ஒண்டைச் சொல்லுங்கோ."

அவன் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனான். ஒரு மிடறு குடித்தான். குடித்துவிட்டு முகத்தைச் சுருக்கினான்.

"ஹலோ? ஹலோ... வதனி? என்ன சொன்னனீர்? விட்டு விட்டுக் கேக்குது."

"நாளைக்கு நான் படிக்கப் போகட்டோ எண்டு கேட்டனான்."

"கேக்கேல்லை... லைன் சரியில்லை... பிறகு எடுக்கிறன், என்ன."

படம் போய்விட்டது.

நான் வயரைப் பிடித்தபடி நின்றேன். அவனுடைய முகம், அந்த முகச் சுருக்கம், ஒவ்வொரு நாளும் பழகிப் பழகி எவ்வளவு இயல்பாக வந்தது! நடராசா அண்ணைதான் முதலில் வாயைத் திறந்தார்.

"தம்பி, எங்களுக்கு வடிவாக் கேட்டதே. இன்னும் ஏதோ பிழை கிடக்குது போலை. அந்தப் பக்கத்து வேலிக் கிளுவையையும் வெட்டிவிடட்டே?"

வதனி அவரைப் பார்க்கவில்லை. இருண்டு கிடந்த போனைப் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"அங்கிள், லைன் சரியோ?"

"சரி, பிள்ளை."

"முந்தியும் சரியாத்தான் இருந்ததோ?"

என் சேவைக்காலத்தில் எத்தனையோ வீடுகளில் நின்று "லைன் சரி" என்று சொல்லியிருக்கிறேன். சொன்னதும் சனம் சந்தோஷப்படும், பழச்சாறு கரைத்துத் தரும். அன்றைக்கு அது அப்படியான சொல் அல்ல. குலம் சேர் பொய் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிராவிட்டால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

"ஓம், பிள்ளை. முந்தியும் சரியாத்தான் இருந்தது."

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. எழும்பிப் போய் அறைக்குள் இருந்து ஒரு பயணப் பையை எடுத்து வந்து கதிரையில் வைத்தாள். அது ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தது.

"அப்பா, நாளைக்குக் காலமை முதல் பஸ்ஸிலை என்னை ஏத்திவிடுங்கோ."

"என்ன பிள்ளை இது? அவருக்கு ஒரு சொல் சொல்லாமல்..."

"சொன்னனான் அப்பா. அவருக்குக் கேக்கேல்லையாம்."

நடராசா அண்ணை மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஓம் மாமா, இப்பதான் போட்டனான்" என்று சற்று முன் அவன் சிரித்தது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. வாசலுக்குப் போனார். முற்றத்து வெளிச்சத்தில் அந்த மரக்கட்டையைப் பார்த்தபடி, நான் வெளிக்கிடும் வரைக்கும் அங்கேயே நின்றார். பின்னல் துணி நிலத்தில் கிடந்தது. அதை எடுத்துத் திரும்பப் போட அந்த வீட்டில் ஒருவரும் வரவில்லை.